செக்கர் ‘சரி’ என்று சொன்ன லிங்க்

எபிசோட்டில் உடைஞ்ச லிங்க் பற்றிக் கதைக்கேக்க நேரம் போயிட்டுது. மிச்சம் இங்கே.

மிசிசாகாவில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் வெப்சைட்டைப் போன மாதம் திருத்திக் கொடுத்தேன். "தம்பி, எல்லாம் வேலை செய்யுதுதானே" என்றார் செயலாளர் அங்கிள். லிங்க்செக்கர் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அது ஒவ்வொரு லிங்கையும் தட்டிப் பார்த்து, சர்வர் சொல்லும் எண்ணைக் குறித்துவைக்கும். 404 என்றால் பக்கம் இல்லை. 301 என்றால் வீடு மாறிட்டினம், இதுதான் புது விலாசம். 200 என்றால் எல்லாம் சரி.

எனக்குப் பயம் அந்த 200தான். ஊர்க் கோயிலின் தளத்துக்கு ஒரு லிங்க் இருந்தது. செக்கர் ‘சரி’ என்றது. அமத்திப் பார்த்தால் சூதாட்டத் தளம்! டொமைனுக்குக் காசு கட்டாமல் விட, வேற ஆரோ வாங்கிட்டினம். மென்பொருளுக்கு அது விளங்காது. அதனால் வெளியே போற லிங்குகளைக் கண்ணாலும் ஒருக்காப் பாருங்கோ.

ஏழு லிங்குகள் ஜியோசிட்டீஸுக்குப் போயின. உங்களில் கனபேருக்கு அந்தப் பெயரே தெரியாது. 90களில் இலவசமாக வெப்சைட் செய்ய இடம் தந்த தளம். 2009 அக்டோபர் 26இல் யாஹூ அதை மூடியது. சுவிஸில் இருந்த கல்யாணசுந்தரத்தின் தமிழ் மின்நூலகமும் ஒருகாலத்தில் அங்கேதான் இருந்தது. அவர் முன்னின்று 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சொந்த டொமைனில் இண்டைக்கும் இருக்கு. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பழைய விலாசத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கோ. பிரதி இருந்தால், சங்கத்தின் பக்கத்திலிருந்து அதற்கே லிங்க் கொடுக்கலாம். ஏழில் ஆறு கிடைத்தன. அதில் இரண்டு வெறும் கிறுக்கலாகத் திறந்தன. பயப்படாதேங்கோ, அது யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்கு அப்பால் இருந்த 128 இடங்களில் தமிழைக் குந்த வைத்திருந்தார்கள். எழுத்துருமாற்றியில் ஒட்டினால் தமிழ் திரும்பி வரும்.

உங்கட தளத்திலேயே பக்கத்தை இடம் மாற்றினால், பழைய விலாசத்தில் 301 போட்டுவிடுங்கோ. அஞ்சு நிமிச வேலை, ஆரும் செய்யிறதில்லை. பியூ ஆய்வு மையத்தின் 2024 அறிக்கைப்படி, 2013இல் இருந்த பக்கங்களில் 38% பத்து வருடத்தில் இல்லாமல் போய்விட்டன.

ஏழாவது லிங்க் 80களில் படித்த ஒரு வகுப்பின் படங்கள். வேபேக்கிலும் இல்லை. அதே படங்கள் வந்த அச்சு மலர் ஒன்று தன்ர பேஸ்மென்டில் கிடக்கலாம் என்கிறார் அங்கிள். சனிக்கிழமை ஸ்கேனரோடு போகிறேன்.