நாய், பூனைகளில் இருதயப் படபடப்பு: அறிதலும் பரிகாரமும்

இரணைமடுக் குளத்து நீரால் நெல்லும் காய்கறியும் விளைவிக்கும் வட்டக்கச்சிக் கமக்காரருக்கு நாயும் பூனையும் நல்ல துணைகளாகும். காட்டுப்பன்றி வயலில் இறங்குவதை நாய் அறிவிக்கும். நெல் மூடையை எலி அரியாது பூனை காக்கும். இவற்றுள் ஒன்று திடீரெனச் சோர்ந்து, நெஞ்சு படபடவென அடிக்குமாயின், மனிதருக்குரிய குளிகை எதனையும் கொடுத்தலாகாது. ஒரு பரசிற்றமோல் குளிகையே பூனையைக் கொன்றுவிடக்கூடும். படபடப்பு ஓர் அறிகுறி மாத்திரமே. காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும்.

துடிப்பை எண்ணும் முறை

பிராணி அமைதியாகப் படுத்திருக்கும்போது, இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் கையை வைத்து 15 செக்கன் எண்ணி, அதனை 4 ஆற் பெருக்குக. வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 140 வரையும், பூனைக்கு 140 முதல் 220 வரையும் இயல்பாகும். சிறிய நாய்க்கும் குட்டிக்கும் துடிப்பு விரைவாகவே இருக்கும். நாய் மூச்செடுக்கும்போது துடிப்பு சற்று விரைந்து, விடும்போது தாழ்தலும் இயல்பே. உட்டொடையில் நாடியையும் பார்க்க வேண்டும். நெஞ்சில் துடிப்பு இருந்தும் தொடையில் நாடி இடையிடையே தவறுமாயின் அது ஒழுங்கீனத்தின் அடையாளமாகும்.

காரணங்கள்

ஓட்டம், அச்சம், கடும் வெயில், காய்ச்சல், நோவு, இரத்த இழப்பு, உண்ணிக் காய்ச்சலால் உண்டாகும் இரத்தச்சோகை ஆகியவற்றால் நலமான இருதயமும் விரைந்து துடிக்கும். முதிய பூனையில் தைரொயிட் சுரப்பியின் மிகையும் ஒரு காரணமாகும். இவற்றில் மூலகாரணத்தை நீக்கினால் துடிப்புத் தானே தணியும். வெயிலால் தளர்ந்த நாயை நிழலிற் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறுக.

பீடைநாசினியும் மஞ்சள் அலரியும் நஞ்சாகும். அலரி விதையிலுள்ள நஞ்சு துடிப்பின் ஒழுங்கையே குலைத்துவிடும். உப்புநீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்யாது, நஞ்சின் போத்தலையோ விதையையோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை வைத்தியரிடம் செல்க.

மூன்றாவது, இருதயத்தில் எழும் நோயாகும். வாளி நிரம்புமுன் துலாவை உயர்த்தினால், எத்தனை தடவை இறைத்தாலும் வாய்க்காலில் நீர் குறைவாகவே பாயும். அவ்வாறே மிகவிரைவாகத் துடிக்கும் இருதயம், அறைகள் நிரம்புமுன் சுருங்குவதால், உடலுக்குப் போதிய இரத்தத்தைச் செலுத்தமாட்டாது. பிராணி தளர்ந்து மயங்கி விழும், ஈறு வெளிறும். வலிப்பைப் போலன்றி, இம்மயக்கம் பெரும்பாலும் விரைவில் தெளியும்.

வைத்தியர் செய்வன

ஈ.சி.ஜி. என்னும் இருதய மின்வரைபே கோளாறு மேலறையிலா கீழறையிலா எழுகின்றது என்பதைக் காட்டும். மேலறைக் கோளாற்றுக்கு டில்தியசெம், டிஜொக்சின் போன்றன பயன்படும். கீழறைக் கோளாறு கடுமையாயின் நாய்க்கு நாளத்தினூடாக லிக்னொகேயின் ஏற்றுவர். பின்னர் சொற்றலோல் போன்ற குளிகை கொடுப்பர். பூனைக்கு லிக்னொகேயின் எளிதில் நஞ்சாகுமாதலின் அதன் அளவு மிகக் குறைவு. அலரியின் நஞ்சும் டிஜொக்சினும் ஒரே இனத்தவை. அளவு தவறின் மருந்தே நஞ்சாகும். ஆதலின் அளவைக் கூட்டுதலும் குறைத்தலும் வைத்தியருக்கே உரியன. அருகில் ஈ.சி.ஜி. வசதி இல்லையாயின், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புமாறு அவரைக் கேட்கலாம்.

தாமதிக்கலாகாத குறிகள்

மயக்கம், வெளிறிய அல்லது நீலம் பாரித்த ஈறு, உறங்கும்போது நிமிடத்துக்கு 30 இற்கு மேற்பட்ட மூச்சு, பூனையின் பின்னங்கால்கள் திடீரெனக் குளிர்ந்து செயலிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் அன்றே வைத்தியரை நாடுக. எண்ணிய துடிப்பையும், கண்ட நேரத்தையும், உண்ட பொருளையும் எழுதிக் கொண்டுசெல்க. அக்குறிப்பு வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.