கிட்டார் பட்டறை – 6: கருவிகளை அடுக்குவதும் காப்பதும்

கிட்டார் கட்டத் தேவைப்படும் கருவிகளில் பாதி எந்தத் தச்சுப் பட்டறையிலும் கிடப்பவைதான்: உளி, இழைப்புளி, ரம்பம், அரம், மூலைமட்டம், கொட்டாப்புளி. மறுபாதி இந்த வேலைக்கென்றே பிறந்தவை. ஃப்ரெட் கம்பி இறங்கும் காடியை அறுக்கும் ரம்பம் சுமார் 0.6 மி.மீ. அகலத்துக்கு மேல் அறுக்கக் கூடாது. நட்டில் தந்திகள் உட்காரும் பள்ளங்களைப் போடும் அரங்களில் மிக மெல்லியது 0.3 மி.மீ. கூடத் தேறாது. முன்பலகையை 2.5 முதல் 3 மி.மீ. வரை சீவி நிறுத்த வேண்டும். இவ்வளவு நுண்ணிய வேலையில் உளிவாயில் விழுந்த ஒரு சிறு பல்லும், அளவுகோலின் விளிம்பில் பூத்த ஒரு துருப்புள்ளியும் அப்படியே கிட்டாரில் பதிந்துவிடும். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு ஒரு கிட்டாரிலிருந்து அடுத்ததற்கு மாதக்கணக்கில் இடைவெளி விழுவதுண்டு. கருவிகள் கெடுவதெல்லாம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

அடுக்கும் முறையில் இரண்டு வழிகள் உண்டு. அரங்களையெல்லாம் ஓரிடத்தில், ரம்பங்களையெல்லாம் ஓரிடத்தில் என்று இனம் பிரித்து வைப்பது ஒன்று. ஒரு வேலைக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பது மற்றொன்று. பொதுத் தச்சுக்கு முதல் வழி போதும். கிட்டாருக்கு இரண்டாவதே பொருந்தும். ஃப்ரெட் வேலைக்கான தட்டில் காடி ரம்பம், ஃப்ரெட் சுத்தியல், கம்பி வெட்டும் குறடு, முனை உருட்டும் அரம், மட்டம் பார்க்கும் பட்டை, விரல்பலகையை மூடும் நாடா எல்லாம் சேர்ந்திருந்தால், அந்த வேலை முடியும்வரை வேறு இழுப்பறையைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பொருள் குறைந்தாலும் தட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃப்ரெட் கம்பியை அராவும்போது உதிரும் உலோகத் துகள் கூர்மையானது. முன்பலகைக்குப் பெரிதும் பயன்படும் ஸ்புரூஸ் மரமோ நகம் பட்டாலே குழியும். அரத்தின் பல்லிலும் குறட்டின் வாயிலும் ஒட்டிக்கொண்ட துகள் மேசைக்கு வந்து, அதன் மேல் முன்பலகை கவிழ்ந்தால், வடுவை ஈரத்துணியும் சூடும் வைத்து எழுப்பிப் பார்க்கலாம். நார் அறுந்திருந்தால் அதுவும் பலிக்காது. ஆகவே உலோகத்தைத் தொடும் கருவிகளும் மென்மரத்தைத் தொடும் கருவிகளும் தனித்தனித் தட்டுகளில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தூசி தட்டும் பிரஷ்கூட வெவ்வேறாக இருப்பது நல்லது.

இசைக்கருவி செய்தவர்களின் கருவிப்பெட்டிகளில் பெயர் பெற்றது ஹென்றி ஸ்டட்லியுடையது (1838–1925). அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பூல் பியானோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். மகாகனிப் பலகையில் கருங்காலியும் ஈட்டியும் முத்துச்சிப்பியும் இழைத்துச் செய்த அந்தப் பெட்டி சுவரில் தொங்கும்; புத்தகம்போல் விரியும். 200க்கும் மேற்பட்ட கருவிகள் அதற்குள் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றன. ஓர் அடுக்கைத் தூக்கினால்தான் அதன் பின்னுள்ள அடுக்கு தெரியும். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்துக்கே குடைந்த இடம் உண்டு என்பதே அதில் கற்க வேண்டியது. வேறு கருவி அங்கே உட்காராது. எடுத்தது திரும்பவில்லை என்றால் வெற்றிடமே சொல்லிவிடும். அடுக்குக்குப் பின் அடுக்கு என்னும் அமைப்பை மட்டும் இன்றைய பட்டறை பின்பற்ற வேண்டியதில்லை. பசை பூசி, கவ்வியைத் தேடும் நேரத்தில் ஒன்றைத் தூக்கி மற்றொன்றை எடுக்க அவகாசம் இருக்காது. வஜ்ஜிரப் பசை சில நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கிவிடும்.

கவ்விகள் அதனால்தான் மேசைக்கு எட்டும் தூரத்தில், சுவரில் அடித்த மரச்சட்டத்தில் தொங்க வேண்டும். உடற்பெட்டியின் விளிம்பைச் சுற்றிப் பலகையை ஒட்டும்போது முப்பது சிறு கவ்விகள்கூடத் தேவைப்படும். மரவாயில் ஒட்டிய கார்க்கில் காய்ந்த பசை இருக்கிறதா என்று மாட்டும்போதே பார்த்துச் சுரண்டிவிட்டால் போதும்.

கூரான கருவிகளுக்கு விதி ஒன்றே: வாய் எதையும் தொடக் கூடாது. உளிகளை ஒரே இழுப்பறையில் கொட்டி வைத்தால், இழுக்கும்போதெல்லாம் ஒன்றையொன்று கடிக்கும். பிளவு போட்ட சட்டத்தில் நிறுத்தி, வாய்ப்பக்கத்துக்கு முன்னே ஒரு மெல்லிய பலகையை அடித்துவிட்டால் கையும் தப்பும், கூரும் தப்பும். ரம்பப் பற்களுக்கு நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு நல்ல உறை. சுரண்டுத் தகடுகளின் உயிர் விளிம்பில் எழுப்பிய நுண்ணிய பிசிறில் இருக்கிறது. மரக்கட்டையில் ரம்பத்தால் கீறிய பிளவுகளில் தகடுகளைத் தனித்தனியே செருகினால் அது மழுங்காது. அரங்களும் உரசினால் மழுங்குபவைதான். நட் அரங்களை அளவு எழுதிய மடிப்புத் துணியுறையில், ஒன்றுக்கு ஓர் அறை என்று வைப்பது வழக்கம். அரத்துக்கு எண்ணெய் பூசுவது தவறு. எண்ணெய் தூளைப் பிடித்துப் பற்களை அடைத்துவிடும்.

காந்தப் பட்டையில் கருவிகளை ஒட்டிவைப்பது பார்க்க அழகு. ஆனால் நாளடைவில் எஃகும் காந்தமேறி, இரும்புத் துகளைக் கூரிலேயே சேர்த்துக்கொள்ளும். மின்கிட்டார் கட்டுபவருக்குக் கூடுதல் கவலை, பிக்கப்பில் உள்ள காந்தம். இரும்புக் கம்பளியால் தேய்த்த துகள் அதில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. தேய்க்கத் தொடங்குமுன் பிக்கப்பை நாடாவால் மூடியாக வேண்டும்.

துருதான் பெரிய பகை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல்தான். அங்கே உப்பும் சேர்ந்துகொள்கிறது. சோற்றுப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றின் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது கடற்காற்று படிந்த உளியின் மேல், வறண்டதாகத் தோன்றும் அறையிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர் இருக்கும். விரல் வியர்வையிலும் உப்புதான். எண்ணெய் பூசுவதற்கு முன் உப்பைத் துடைத்தாக வேண்டும். உப்பின் மேல் பூசிய எண்ணெய் துருவை மூடி வளர்க்கும். ஈரத்துணி, பிறகு உலர்துணி, அதன்பின் எண்ணெய் என்பதே வரிசை.

கிட்டார் மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். மரம் அந்த நிலைக்கு வந்த பிறகே பலகைகளை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வறண்ட ஊருக்குப் போனதும் முன்பலகை வெடிக்கும். 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் இரும்புக்கும் நல்லது. ஈரம் நீக்கும் கருவியோ ஏசியோ வைத்த சிறு அறை ஒன்றில் மரத்தையும் கருவிகளையும் சேர்த்து வைத்தால் ஒரே செலவில் இரண்டும் பிழைக்கும். அறை வாய்க்காதவருக்கு மூடிய அலமாரி போதும். உள்ளே சிறிது சூடேற்றினாலே ஈரப்பதம் இறங்கும்: 30 டிகிரியில் 75 சதவீதமாக இருக்கும் காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 57 சதவீதமாகிவிடும். பழைய குண்டு பல்பு ஒன்றை அலமாரியின் அடியில், மரமும் துணியும் படாத இரும்புக் கூண்டுக்குள் எரியவிடுவது இதற்காகத்தான். எல்.இ.டி. பல்பில் அந்த அளவுக்குச் சூடு இல்லை. சிறு பெட்டிகளுக்கு சிலிக்கா ஜெல் உண்டு. நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். துருத்தடுப்பு ஆவியை வெளிவிடும் வி.சி.ஐ. காகிதம் மூடிய இழுப்பறையில் மட்டுமே பயன்படும். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கருவிகள் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. மூடி இறுகியிருந்தாலும் கசியும் ஆவி சில நாட்களிலேயே எஃகைச் சிவக்க வைத்துவிடும்.

எண்ணெயைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தையல் மிஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் எளிதில் கிடைக்கும், நன்றாகவும் காக்கும். ஜப்பானியத் தச்சர்கள் கமேலியா விதை எண்ணெய் பூசுகிறார்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கெடுத்து அமிலமேறும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாக இறுகும். சிலிகோன் கலந்த ஸ்பிரே எதையும் கிட்டார் பட்டறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அளவு மரத்தில் பட்டாலும், பின்னர் பூசும் வார்னிஷ் அந்த இடத்தில் ஒதுங்கி வட்டவட்டக் குழிகளாக நிற்கும். அதைத் தேய்த்து எடுப்பது புதிதாகப் பூசுவதைவிடக் கடினம். நல்ல எண்ணெயானாலும் மரத்தைத் தொடுமுன் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஏறிய ஸ்புரூஸில் பசை பிடிக்காது.

அளவைக் கருவிகளைத் தனியே, எவர் கையும் எளிதில் படாத இடத்தில் வைப்பதே முறை. நீண்ட நேர்விளிம்புக் கோலைச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. துளையில் ஆணி மாட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது தட்டையாகக் கிடத்த வேண்டும். காலிப்பரின் தாடைகளைச் சற்று விலக்கி வைத்து மூட வேண்டும். ஈரப்பதமானியும் அளவைக் கருவிதான். அதையும் சோதிக்க வேண்டும். ஒரு மூடியில் சிறிது சோற்றுப்பு வைத்து, கூழாகுமளவு சில துளி நீர் விட்டு, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு அடைத்தால், காலையில் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

கடைசியாக வார்ப்புருக்கள். உடலின் வளைவு, கழுத்தின் வடிவம், ஒலித்துளையின் ஓரம் இவற்றைக் குறிக்க வெட்டிய அட்டைகளையும் ஒட்டுப்பலகைகளையும் பலர் கருவியாக நினைப்பதில்லை, மூலையில் போட்டுவிடுகிறார்கள். இத்தாலியின் கிரெமோனா நகரத்து வயலின் அருங்காட்சியகத்தில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியின் பட்டறையிலிருந்து வந்த 700க்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. மர அச்சுகள், வரைபடங்கள், காகித வார்ப்புருக்கள் எனப் பலவும் அதில் உண்டு. ஸ்ட்ராடிவாரி கிட்டாரும் செய்தவர் என்பதால் கிட்டாருக்கானவையும் உண்டு. 1737இல் அவர் இறந்த பிறகு கைமாறிக் கைமாறிச் சென்ற அந்தத் தொகுப்பை ஜுசெப்பே ஃபியோரினி என்னும் வயலின் கைவினைஞர் 1920இல் விலைக்கு வாங்கி, 1930இல் கிரெமோனாவுக்கு அளித்தார். உளிக்கு மாற்று கடையில் கிடைக்கும். தானே வரைந்து வெட்டிய வளைவுக்கு மாற்று எங்கும் இல்லை. ஒவ்வொரு வார்ப்புருவிலும் கிட்டாரின் வகை, தந்தி நீளம், எந்தப் பக்கம் மேலே என்பதையும் நடுக்கோட்டையும் எழுதியிருக்க வேண்டும். எம்.டி.எஃப். பலகையில் செய்தவை ஈரத்தில் உப்புவதால் விளிம்புகளுக்கு அரக்கு பூசி, தரையைத் தொடாமல் ஆணியில் மாட்டுவது வழக்கம். காகிதத்தில் உள்ளவற்றைச் சுருட்டாமல் தட்டையாக வைத்து, மாற்றுப் படி ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்துக்கொள்ளலாம்.