இடுப்புக்குக் காற்றுத் தசை

ஜப்பானில் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களைக் குளிப்பாட்ட, தொட்டியே வீடு தேடி வரும். வேனில் வந்து இறங்கும் மூவரில் ஒருவர் நர்ஸ். பிரித்துக் கொண்டுவந்த தொட்டியைக் கட்டிலருகே பொருத்தி, வெந்நீர் நிரப்பி, ஆளைத் தூக்கி இறக்கி, குளித்து முடித்ததும் மறுபடி தூக்கிப் படுக்கையில் கிடத்த வேண்டும். பிறகு அடுத்த வீடு. முதியவருக்குச் சுகக் குளியல். தூக்கியவருக்கு இடுப்புப் பிடிப்பு.

நம் வீட்டுத் தண்ணீர் கேனை வைத்தே இடுப்பு தாங்கும் சுமையைக் கணக்குப் போடலாம். கேன் 20 கிலோ. குனிந்து எடுக்கும்போது அது முதுகெலும்புக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தசையோ எலும்புக்கு 5 சென்டிமீட்டர்தான் பின்னால். ஆக, தசை பத்து மடங்கு, ஏறக்குறைய 200 கிலோ விசையில் இழுத்தாக வேண்டும். மேலுடம்பின் எடை தனிக்கணக்கு. அத்தனையும் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வுத் தட்டின் தலையில் விடிகிறது.

தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி கொபயாஷி உருவாக்கிய ‘மசில் சூட்’ இங்கேதான் உதவிக்கு வருகிறது. அவர் தொடங்கிய இன்னோஃபிஸ் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ‘எவ்ரி’ என்ற மாடலின் எடை 3.8 கிலோ. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. பள்ளிக்கூடப் பை போல முதுகில் மாட்டி, தொடைமேல் இரண்டு பட்டைகளைப் பொருத்தி, கைப்பம்பால் காற்றடித்தால் போதும். உள்ளே இருப்பது வலைப்பின்னல் போர்த்திய ரப்பர் குழாய். காற்று ஏறினால் குழாய் பருக்கும். பருத்தால் நீளம் சுருங்கும். குனிந்தால் அது இழுபடும், நிமிரும்போது தொடையில் ஊன்றி உடம்பை மேலே இழுக்கும். சுமார் 25 கிலோ விசை.

இந்தக் குழாயின் பூர்வீகம் விசித்திரமானது. 1945 ஜூலை 16 அன்று, உலகின் முதல் அணுகுண்டுச் சோதனைக்கான தானியங்கிக் கடிகாரத்தை முடுக்கிவிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன். அவருடைய மகளைப் போலியோ முடக்கியது. செயலிழந்த விரல்களை அசைக்க 1950-களில் அந்தத் தகப்பன் கையிலெடுத்த செயற்கைத் தசைதான் இது.

இத்தனை அழகான கருவி என்பதற்காக அதை நம்பி மூட்டையைக் கூட்டிவிட முடியாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சரக்குத் தூக்குவோர் இடுப்பில் அகல பெல்ட் கட்டாத கடையே இல்லை என்னும் அளவுக்கு அது பரவியிருந்தது. 9,377 ஊழியர்களைக் கவனித்து 2000-ல் வெளியான ஆய்வு, பெல்ட் கட்டியதால் முதுகுக் காயமோ வலியோ குறையவில்லை என்றது. மசில் சூட் போன்ற உடைகளை மாட்டினால் முதுகுத் தசையின் உழைப்பு குறைவதை ஆய்வகங்கள் அளந்து காட்டியிருக்கின்றன. அது ஒரு மணி நேரக் கணக்கு; இடுப்பு கேட்பது இருபது வருடக் கணக்கு. வேர்வையும், பட்டை அழுத்துவதும், நடக்கையில் தொடை தடுக்குவதும் மாட்டியவருக்குத்தான் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய பயம் மேஸ்திரிமேல்தான்: “அதான் மிஷின் போட்டிருக்கியே, இன்னும் ரெண்டு தூக்கு!”

ஜப்பான் அரசு 2013-ல் திருத்திய வழிகாட்டுதல், பராமரிப்பு வேலையில் மனிதரை மனிதர் கையால் தூக்கவே கூடாது என்பதைப் பொதுவிதியாக வைத்தது. தூக்குவதற்கு லிஃப்ட் இருக்கிறது. அந்த லிஃப்ட் திரும்ப இடமில்லாத ஆறடி அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நிற்கிறவருக்குத்தான் இந்தக் காற்றுக் குழாய்.