மீனும் மோரும் சேர்ந்தால் ஆகாதா?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேச்சு முடிந்ததும் சமையல் பேச்சு வராமல் இருக்குமா? மீன் சாப்பிட்ட அன்னைக்கு மோர் ஊத்தக் கூடாது, மீறினால் உடம்பில் வெள்ளை விழும் என்று நம்மில் பலர் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். இப்போது செல்போனில் இன்னொன்று சுற்றுகிறது. சோறும் முட்டையும், சோறும் பருப்பும் சேர்ந்தால் வயிற்றில் அழுகிவிடுமாம்.

வயிற்றின் வேலையைப் பார்ப்போம். சோற்றின் மாவுச்சத்து வாயில் உமிழ்நீர் பட்டதுமே கரையத் தொடங்குகிறது. மீன், முட்டை, பருப்பின் புரதத்தை இரைப்பை அமிலம் உடைக்கிறது. மீதி வேலை சிறுகுடலில். அங்கே கணையத்திலிருந்து வரும் நீரில் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் செரிக்க வேண்டியது ஒன்றாகவே இருக்கிறது. சிறுபயறை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே மாவும் உண்டு, புரதமும் உண்டு. அதை எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது?

இந்தப் பிரித்துச் சாப்பிடும் யோசனையை 1920, 30களில் பரப்பியவர் வில்லியம் ஹே என்ற அமெரிக்க டாக்டர். 2000-ல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வில், குறைந்த அளவு உணவைச் சிலருக்குப் பிரித்தும் சிலருக்குச் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை.

மீனையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்று சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது. பழைய நம்பிக்கைதான். ஆனால் வங்காளத்தில் தயிரிலேயே மீன் சமைக்கிறார்கள். வெண்புள்ளி சாப்பாட்டுச் சேர்க்கையால் வருவதில்லை. தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழிப்பதால் வருவது. தொற்றவும் செய்யாது. அப்படிப்பட்ட பெண்ணிடம் "என்னத்த சேத்துத் தின்ன?" என்று கேட்பதை முதலில் நிறுத்துவோம்.

அப்படியானால் மீன் சாப்பிட்டுச் சில நாள் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வாந்தியும் வருகிறதே, ஏன்? சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. கெட்டது மீன், பழி மோருக்கு! சிலருக்கு மீனே ஒவ்வாமை தரும். அவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சேர வேண்டியதும் உண்டு. நம் மரச்சீனியும் மீன் குழம்பும்தான் அதற்கு நல்ல சாட்சி. நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது பல வீடுகளில் அடுப்பெரிந்தது இந்தக் கிழங்கால்தான். ஆனால் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவு. 100 கிராமில் புரதம் 1 கிராம் அளவுதான். சாளையில் 20 கிராம் வரை இருக்கிறது. பச்சைக் கிழங்கில் சயனைடு நஞ்சும் உண்டு. தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை முறிக்க உடம்புக்குப் புரதத்திலுள்ள கந்தகச் சத்து வேண்டும். மீன் அதைத் தருகிறது. கிழங்கை வெறும் உப்பும் மிளகாயும் தொட்டு மட்டும் தின்று நாளை ஓட்டுவதுதான் ஆபத்து.

கஞ்சியும் பயறும் அப்படித்தான். அரிசியில் குறைவான புரதக்கூறு பயறில் உண்டு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் "அது ஆகாது, இது சேராது" என்று மீனையும் முட்டையையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டால் ரத்தம் எங்கிருந்து ஊறும்?

உண்மையில் கவனிக்க வேண்டிய சேர்க்கை டீதான். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் கீரை, பயறின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சத்து கூடுதலாகச் சேரும். நர்ஸ் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடும் டீயோடும் போடாதீர்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரம் விடுங்கள்.