கோயில் தெரிகிறது, ஊர் எங்கே?

அங்கோர் வாட்டில் பூசை செய்தவர்களும், அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களும், கோயிலைப் பெருக்கியவர்களும் எங்கே குடியிருந்தார்கள்? கம்போடியாவில் நூறாண்டுக்கு மேல் ஆய்வு நடந்தும் இதற்கு முழு விடை கிடைக்கவில்லை. அதைக் கட்டிய கெமர்கள் கல்லைத் தெய்வத்துக்கென்றே வைத்திருந்தார்கள். அரசனின் மாளிகைகூட மரம்தான். மரம் மக்கிப்போனது. வீடு நின்ற மண்மேடும் அருகில் வெட்டிய குளமும்தான் மிச்சம். அவற்றையும் காடு மூடிக்கொண்டது.

2012 ஏப்ரலில் ஒரு ஹெலிகாப்டர் லேசர் கருவியோடு அந்தக் காட்டின் மேல் பறந்தது. இந்த முறைக்கு லைடார் என்று பெயர். அடர்ந்த புளியமரத்தடியிலும் வெயில் புள்ளி புள்ளியாக விழுகிறதல்லவா? அதுபோல, மேலிருந்து பாய்ச்சும் கோடிக்கணக்கான லேசர் துடிப்புகளில் பெரும்பாலானவை இலையில் பட்டுத் திரும்ப, சில மட்டும் இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு நானோ நொடி பிசகினால் தொலைவு 15 செ.மீ. தப்பிவிடும். பிறகு கணினியில் இலை, கிளைப் புள்ளிகளைக் கழித்துவிட்டால் வெறும் தரை எஞ்சும். முழங்கால் உயர மேடும் அதில் தெரியும்.

தொல்லியலாளர் டேமியன் எவன்ஸ் முன்னின்று நடத்திய இந்த ஆய்வு முதலில் 370 சதுர கி.மீ., 2015இல் சுமார் 1,900 சதுர கி.மீ. பரப்பை அளந்தது. அங்கோர் வாட்டின் மதிலுக்குள்ளேயே மரங்களுக்கு அடியில் கட்டம் கட்டமாகத் தெருக்கள், மேடுகள், குளங்கள் இருந்தன.

வடகிழக்கே புனோம் குலேன் மலையில் மகேந்திரபர்வதம் என்ற நகரின் தெருக்கோடுகள் தெரிந்தன. 802இல் கெமர் அரசன் இரண்டாம் ஜெயவர்மன் சக்கரவர்த்தியானதாகப் பின்னாளையக் கல்வெட்டு சொல்லும் மலை அது. ‘தொலைந்த நகரம் கண்டுபிடிப்பு’ என்று 2013இல் உலகப் பத்திரிகைகள் கொட்டி முழக்கின. அது மிகை. 1936லேயே பிரெஞ்சு ஆய்வாளர் பிலிப் ஸ்டெர்ன் அங்குள்ள கோயில்களை ஆராய்ந்திருக்கிறார். மலைமேல் கிராமங்களும் உண்டு. லைடார் தந்தது, சிதறிக் கிடந்த கோயில்களை ஒரே நகரமாக இணைத்துக் காட்டும் வரைபடம். அதுவே பெரிய காரியம்தான்.

ஆனால் ஒரு மேடு எந்தக் காலத்தது, அது வீடா, இடுகாடா என்று லேசர் சொல்லாது. மண்ணுக்குள் அது ஊடுருவுவதும் இல்லை. ஆள் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். குலேனிலோ, கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் காலப் போரில் புதைத்த கண்ணிவெடிகள் இருந்ததால் அந்த நடையும் எளிதாக இல்லை.

பாதுகாப்பில்தான் இந்த வரைபடத்தின் பயன் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கற்கோயிலை இடிக்க எவரும் தயங்குவார்கள். மண்மேட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. முந்திரித் தோப்புக்காகக் குலேன் காட்டை அழிக்கும்போது, தாம் ஒரு பழைய தெருவைச் சமப்படுத்துகிறோம் என்றே உழுபவருக்குத் தெரியாது. பாதுகாப்பு எல்லையைக் கோயிலைச் சுற்றி மட்டும் போடாமல் ஊரையும் சேர்த்துப் போட இப்போது ஆதாரம் இருக்கிறது. சில ஆண்டு கழித்து மறுபடி அளந்தால் எந்த மேடு கரைந்தது, எங்கே புதுக்குழி விழுந்தது என்றும் ஒப்பிடலாம். குழி என்றால் பெரும்பாலும் சிலைத் திருடர்கள். அவர்களுக்கும் இதே வரைபடம் வழிகாட்டும் என்பதால், தொலைவிலுள்ள இடங்களின் துல்லியமான அமைவிடத்தை ஆய்வாளர்கள் பலர் வெளியிடுவதில்லை.