ஒரு பலகைக்கு ஒரு அலையாத்தி: கணக்கு சரியா வருதா?

கடல் விளையாட்டுச் சாமான்கள் எதனால் செய்யப்படுகின்றன என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்டார்போர்டு என்ற நிறுவனத்தில் வந்து நின்றேன். பாய்மரப் பலகை, அதாவது விண்ட்சர்ஃபிங் பலகை செய்கிறவர்கள். அலைச்சறுக்குப் பலகை மேல் ஒரு கம்பத்தையும் பாயையும் நிறுத்தி, காற்றைப் பிடித்து ஓட்டுகிற விளையாட்டு இது. நார்வே நாட்டுக்காரரான ஸ்வைன் ராஸ்முசென் 1994-ல் பாங்காக்கில் தொடங்கிய நிறுவனம். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிக்குப் பயன்பட்ட ஐக்யூஃபாயில் பலகை இவர்களுடையதுதான். ஆனாலும் பெரிய விளையாட்டுச் சாமான் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் சின்ன ஆள்.

என்னை நிறுத்தியது பலகை இல்லை, அவர்கள் கொடுத்த ஒரு வாக்கு. விற்கிற ஒவ்வொரு பலகைக்கும் மியான்மரில் அலையாத்தி நடுகிறோம் என்றார்கள். இடம், ஐராவதி வட்டாரக் கடற்கரையில் உள்ள தோர் ஹெயர்டால் காலநிலைப் பூங்கா. 1947-ல் பால்சா மரத் தெப்பத்தில் பசிபிக்கைக் கடந்தவரின் பெயர். இடத் தேர்வில் அர்த்தம் இருக்கிறது. அதே வட்டாரத்தின் கழிமுகத்தைத்தான் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் தாக்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1.3 லட்சம் பேருக்கு மேல். கரையோர அலையாத்திக் காடுகள் வெட்டப்பட்டிருந்ததும் சேதம் பெருகியதற்கு ஒரு காரணம் என்று பிறகு பேசப்பட்டது.

சரி, நல்ல வாக்குதான். ஆனால் இப்படி ஒரு வாக்கை எப்படி எடை போடுவது? பலகையிலிருந்தே தொடங்கினேன்.

100 லிட்டர் கொள்ளளவு உள்ள ஒரு பலகை சுமாராக 6 முதல் 8 கிலோ இருக்கும். உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்கிற பாலிஸ்டைரீன் நுரை. எல்லோரும் குற்றம் சொல்வது இதைத்தான். ஆனால் இந்த நுரையில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. லிட்டருக்கு 15 கிராம் என்று வைத்தால் 100 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோதான் வருகிறது. அப்போ மீதி நாலரை, ஆறரைக் கிலோ எங்கே? மேல்தோலில். கண்ணாடி இழை, கார்பன் இழை, நடுவே ஒரு கெட்டி நுரைத் தகடு, இவற்றையெல்லாம் பிடித்து வைக்கிற இபாக்சி பிசின், மேலே வண்ணப்பூச்சு.

சிக்கல் அந்தப் பிசினில். பிளாஸ்டிக் வாளியை உருக்கி வேறு வாளி செய்யலாம். இபாக்சி ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உருகாது, சூடாக்கினால் கருகும். இழையும் பிசினும் ஒன்றாக இறுகிப்போனதால் பிரித்தெடுப்பதும் கஷ்டம். உடைந்த பலகை கடைசியில் குப்பைமேட்டுக்கோ உலைக்கோதான் போகும்.

இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. தமிழ்நாட்டுக் கடற்கரைக் குப்பங்களில், அதுவும் 2004 சுனாமிக்குப் பிறகு, கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகு வந்தது. பழைய கட்டுமரம் மக்கிப் போகும், இல்லை அடுப்புக்குப் போகும். பழைய ஃபைபர் படகு மணலில் அப்படியே கிடக்கும். அங்கே பிசின் பாலியெஸ்டர், இங்கே இபாக்சி. குணம் ஒன்றுதான்.

ஸ்டார்போர்டு இந்தப் பக்கமும் கை வைத்திருக்கிறது. கண்ணாடி இழைக்குப் பதில் ஆளிச்செடியின் நாரும் பால்சா மரமும் வைத்துப் பலகை செய்தார்கள். வரவேற்கலாம். ஆனால் நாரை மாற்றினாலும், பிசின் இறுகுகிற வகையாக இருக்கும்வரை கடைசியில் வருகிற குப்பைப் பிரச்சினை தீராது.

அடுத்தது மரம். அலையாத்திக் காடு கரியைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் மரத்தில் இல்லை, சேற்றில். உதிர்ந்த இலையும் வேரும் காற்றுப் புகாத சேற்றில் புதைந்து, மக்காமல் தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை. ஆகவே நட்ட கன்றின் எண்ணிக்கை பெரிதாக எதையும் சொல்லாது. காடு நின்றதா என்பதுதான் கேள்வி.

நிற்பது அவ்வளவு சுலபமில்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2017-ல் வந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது 3 இடங்களில் மட்டும். தப்பான மட்டத்தில், தப்பான இனத்தை நட்டது, நட்ட பிறகு யாரும் போய்ப் பார்க்காதது போன்றவைதான் காரணங்கள்.

பிச்சாவரம் இதற்கு நேர் எதிரான பாடம். அங்கே மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை வெயிலில் காய்ந்து பள்ளமாகி, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, உப்பு ஏறிவிட்டது. அதில் எத்தனை கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒன்று, இருபக்கமும் மீன் முள் போலக் கிளைகள். ஓதம் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு இறங்கியது, நட்ட கன்றும் பிடித்தது.

மூன்றாவது, பலகை ஓடுகிற இடம். வட ஜெர்மனியின் வாடன் கடலோரச் சேற்றுவெளியை ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட வலசைப் பறவைகள் பயன்படுத்துகின்றன. நீண்ட பயணத்துக்கு முன் தின்று கொழுக்க வேண்டிய நேரத்தில் தலைக்கு மேல் பட்டம் பறந்தால் அவை கிளம்பிவிடும். சேர்த்த கொழுப்பு வீணாகும். 2023-ல் வந்த விதிப்படி, அங்குள்ள தேசியப் பூங்காக்களில் காற்றுப்பட்டச் சறுக்கு குறித்த இடங்களில் மட்டும்தான். இந்தச் சேதத்தை எந்த ஊரில் மரம் நட்டும் ஈடுகட்ட முடியாது. ஆனால் எங்கே ஓட்டக்கூடாது என்று வாங்குகிறவரிடம் சொல்ல, பலகை விற்கிறவரால் முடியும்.

அப்படியானால் மரம் நடுவதெல்லாம் வெறும் விளம்பரமா? அப்படிச் சொல்ல மாட்டேன். கரைக்கு அலையாத்தி வேண்டும், யார் காசு கொடுத்தாலும் நல்லதே. ஆனால் அது பலகையின் கணக்கைத் தீர்க்காது. இரண்டையும் தனித்தனி ஏட்டில் எழுத வேண்டும்.

பலகையின் ஏட்டில் முதல் வரி ஆயுள். ஐந்து வருஷம் ஓடுகிற பலகை பத்து வருஷம் ஓடினால், வருஷத்துக்கான பிசின் சுமை பாதியாகிவிடும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ஓட்டை விழுந்ததும் தண்ணீரிலிருந்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, கண்ணாடித் துணியும் பிசினும் வைத்து ஒட்டுப்போட்டால் போதும். இதைச் செய்யத் தெரிந்த ஒரு ஆளும், உதிரிச் சாமானும், பழைய பலகையைத் திரும்ப வாங்கி விற்கிற ஏற்பாடும் இருந்தால் ஒரு சின்னப் பட்டறைகூட நிறையச் செய்யலாம். வருஷா வருஷம் புது மாடல் இறக்கினால் இது நடக்காது. காசு உதைக்கிற இடமும் அதுதான்.

ஆகவே இனி இந்த மாதிரி வாக்கு எங்கே கண்ணில் பட்டாலும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்பதாக இருக்கிறேன். பலகை எத்தனை வருஷம் வரும், உடைந்தால் யார் சரி செய்வார்கள்? நட்டதில் எவ்வளவு ஐந்து வருஷம் கழித்தும் நிற்கிறது? எங்கே ஓட்டக்கூடாது என்று வாங்கியவருக்குச் சொன்னீர்களா? எத்தனை கன்று நட்டீர்கள் என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.