வாசல் மணலே முதல் கொப்பி



சிலாபம், முந்தல், கற்பிட்டிப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களுக்கு நாங்கள் வரும்போதெல்லாம் தாய்மார் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கிறார்கள். "பிள்ளை ஸ்கூலுக்குப் போறான், வாறான். நாலு எழுத்தைச் சேர்த்து வாசிக்கச் சொன்னா முழிக்கிறான். நாங்களோ படிக்காத ஆக்கள். வீட்டுல என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?" இந்த இதழில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் வகுப்பு இல்லை. பாடம் போனில் வந்தது. போனும் சிக்னலும் இல்லாத வீட்டுக்கு அதுவும் வரவில்லை. நாங்கள் போன வீடுகளில், தினமும் யாராவது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைத்த பிள்ளைகள் எழுத்தை மறக்கவில்லை. மற்றப் பிள்ளைகளில் பலர் திரும்பவும் "அ, ஆ"விலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுப் படிப்பு பாடசாலைக்குப் பதில் ஆகாது. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டே வீட்டில் செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறோம்.

எழுத்து எதற்கு உதவும்?

உங்கள் சம்பளத்தில் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் 8 ரூபா பிடிக்கப்படுகிறது. தோட்டம் தன் பங்காக 12 ரூபா சேர்க்க வேண்டும். ஆக 20 ரூபா சேமலாப நிதிக்குப் போக வேண்டும். சம்பளத் துண்டை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது சரியாகப் போகிறதா என்று பார்க்க முடியும். கைநாட்டு வைப்பவர் மற்றவர் சொல்வதை நம்பத்தான் வேண்டும். கிளினிக் அட்டை, பேங்க் படிவம், மருந்துப் போத்தல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்தக் கரையோரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரை ஒரு காலத்தில் தமிழ் பேசிய எத்தனையோ குடும்பங்கள் இன்று சிங்களம் மட்டுமே பேசுகின்றன. வீட்டில் தமிழ், பாடசாலையில் சிங்களம் என்று இருந்தார்கள். தமிழ் எழுத்து கைவிட்டுப் போனது. பிறகு மெல்ல மெல்லப் பேச்சும் போனது. சிலாபத்துக்கு வடக்கே உடப்பில் தமிழ்ப் பாடசாலை இருக்கிறது. அங்கே பேச்சும் எழுத்தும் இன்றுவரை இருக்கின்றன.

தமிழ்ப் பாடசாலை தூரம் என்பதால் பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் எங்கள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அது பிழை இல்லை; சிங்களமும் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கிடைக்க முக்கியமான இடம் உங்கள் வீடுதான். இரண்டையும் படித்தால் குழம்பிப் போகும் என்று பயப்பட வேண்டாம். எழுத்தோடு குறி சேர்த்து ஓசையை மாற்றும் முறை இரண்டு மொழிக்கும் பொது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி பல மொழிகள் கற்றவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதியவர் அவர்தான்.

மணலில் தொடங்குங்கள்

கொப்பி, பென்சில் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதிப் பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், ஊர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் எழுதி வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது.

நம் வாசலில் மணலுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு பழைய தட்டில் காய்ந்த மணலைப் பரப்பினாலும் போதும். பிழைத்தால் கையால் தடவிவிட்டுத் திரும்ப எழுதலாம். பிழைக்குப் பயப்படாத பிள்ளை சீக்கிரம் பழகும்.

247 எழுத்தையும் ஒரேயடியாக ஒப்புவிக்க வைக்க வேண்டாம்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. கேட்டாலே பிள்ளைக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் உயிரும் மெய்யும் சேர்ந்து 30தான். மற்றவை பெரும்பாலும் அந்த எழுத்துகளோடு கால், கொம்பு, சுழி சேர்ந்து வருபவை. உகர, ஊகார வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் (கு, சு, து, மு). அதை ஆறுதலாகப் படிப்பிக்கலாம்.

முதலில் ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் வந்துவிடும். அடுத்து க, ல சேருங்கள். கல், பல், கடல், பகல், கப்பல் வரும். பிறகு காலைச் சேருங்கள். கால், பால், பாடம், மாமா வரும். ஒரு வாரத்தில் பிள்ளை தானாக ஒரு சொல்லை வாசித்துவிடும். அந்தச் சந்தோஷமே அடுத்த எழுத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

பிள்ளைக்குத் தெரிந்த பொருளாகவே சொல் கொடுங்கள். உப்பு, மீன், வலை, தும்பு, கிடுகு, தேங்காய் எல்லாம் கண்முன்னே இருப்பவை. எழுதுமுன் சொல்லைக் கைதட்டிப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்: தேங்-காய், கப்-பல். காது பிரித்தால்தான் கை எழுதும்.

எழுத்துப் பிழை ஏன் வருகிறது?

பிள்ளை காதால் கேட்டபடி எழுதுகிறது. நாம் "காத்து, நேத்து, எலை, வெலை" என்று பேசுகிறோம். எழுத்தில் அவை காற்று, நேற்று, இலை, விலை. ஆகவே பிழைக்காக அடிக்கவோ ஏசவோ கூடாது. "பேசும்போது இப்படி, எழுதும்போது இப்படி" என்று இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள்.

ல, ள, ழ மற்றும் ர, ற குழப்பத்துக்குப் பொருளோடு சேர்த்துச் சோடி சோடியாகச் சொல்லுங்கள். காட்டில் இருப்பது புலி, குழம்பில் போடுவது புளி. மீன் பிடிக்க வலை, கைக்கு வளை. சிரட்டையைச் சுட்டால் கரி, சோற்றுக்கு ஊற்றுவது கறி.

ங, ஞ, ண, ந, ம, ன ஆறுக்கும் ஒவ்வொரு கூட்டாளி உண்டு. புள்ளி வைத்த எழுத்துக்குப் பின்னால் வரும் கூட்டாளியைப் பார்த்தால் பிழை வராது: சங்கு, மஞ்சள், வண்டி, பந்து, தும்பு, கன்று. ட வந்தால் அதற்கு முன் ண், த வந்தால் ந், ற வந்தால் ன். இந்த ஆறு சொல்லையும் சுவரில் எழுதி வையுங்கள்.

எழுத்துத் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் "என்ன கதை? யார் வந்தது? பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கதையைச் சொல்லத் தெரிந்தால் பிள்ளை விளங்கி வாசித்திருக்கிறது. தட்டுத் தடுமாறினால் அண்ணனோ அக்காவோ உதவட்டும். அந்தக் காலத்துச் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. சின்னவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பெரியவருக்கும் பாடம் உறுதிப்படும்.

எழுதப் பழக, பிள்ளை தன் வாயால் ஒரு வசனம் சொல்லட்டும். "அப்பா இன்னிக்கு மீன் கொண்டு வந்தாரு" என்றால் அக்கா அதை எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். பிள்ளை அதைப் பார்த்து வாசித்து, பிறகு எழுதட்டும். கடைக்குப் போகும்போது சாமான் துண்டையும் பிள்ளையே எழுதட்டும். வாரத்துக்கு ஐந்து புதுச் சொல் போதும்.

மூன்றாம் தரம் வந்தும் சின்னச் சொல்லை வாசிக்க முடியாமல் இருந்தால் "மக்கு" என்று முத்திரை குத்த வேண்டாம். கண்ணும் காதும் சரியா என்று ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வகுப்பு டீச்சரோடும் பேசுங்கள்.

பெற்றோர்களே, வேலை முடிந்து வரும்போது உடம்பு அசதி என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது நாளுக்குப் பத்து நிமிடம்தான். இன்று பொழுது சாயும்போது வாசலில் உட்கார்ந்து, பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் ஒரு "ப" எழுத வையுங்கள். உங்களுக்கும் எழுத்துத் தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் எழுதுங்கள். கைநாட்டு வைத்த கை ஒருநாள் கையெழுத்துப் போடட்டும்.